பெண் பிள்ளைக்கு எதுக்கு எஞ்சின்?

கோடை விடுமுறையில் ஒன்பதாம் வகுப்பு முடித்த என் மகளைத் திருச்சி ரயில்வே அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனோம். வந்ததிலிருந்து ஒரே பிடிவாதம். "அம்மா, நான் நீராவி எஞ்சின் மாடல் செய்யப் போறேன்!"

"பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு அண்ணி? தையல் கத்துக்கச் சொல்லுங்க" என்றாள் நாத்தனார். உண்மையைச் சொன்னால், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இதையே பையன் கேட்டிருந்தால் "விஞ்ஞானி ஆகப் போறான்" என்று பெருமைப்பட்டிருப்போம், இல்லையா?

வெளிநாட்டு கிட் விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. அதனால் அட்டை, பிவிசி குழாய், பழைய தகரம் என்று வீட்டில் கிடந்ததை வைத்தே ஆரம்பித்தாள். மீட்டர்கேஜில் பாசஞ்சர் வண்டி இழுத்த ஒய்.பி. எஞ்சின்தான் மாதிரி. அசலில் 24-ல் ஒரு பங்கு. அதாவது ஒரு அடிக்கு அரை அங்குலம். ஐந்தரை அடி டிரைவர் இதில் இரண்டே முக்கால் அங்குலம்! ஒய்.பி.யின் பெரிய சக்கரம் நாலரை அடி விட்டம். கணக்குப் போட்டால் 2¼ அங்குலம் வருகிறது. ஒரு நாள் என் வளையல் டப்பாவைக் குடைந்துகொண்டிருந்தாள். 2-4 சைஸ் வளையலின் உள்ளளவு சரியாக 2¼ அங்குலமாம். அட்டை வட்டத்தைச் சுற்றி வளையலை மாட்டினால், தண்டவாளத்தை விட்டு இறங்காமல் பிடிக்கும் விளிம்பு ரெடி. ஆறு வளையல் போச்சு. போகட்டும்!

நம் பக்கத்துக்கு இது ஒன்றும் அந்நியமான தொழில் இல்லை. திருச்சி–புதுக்கோட்டை ரயில் 1929-லேயே வந்துவிட்டது. பக்கத்துப் பொன்மலை பணிமனையில் ஊட்டி மலை ரயிலுக்கு எண்ணெயில் ஓடும் நீராவி எஞ்சின்களைப் புதிதாகச் செய்தார்கள். 2021-ல் நிலக்கரியில் ஓடுவதையும் செய்து காட்டினார்கள். இங்கிலாந்திலோ மாடல் எஞ்சின் செய்பவர்களுக்கென்றே 1898-ல் ஒரு பத்திரிகை தொடங்கியிருக்கிறார்கள்.

அட்டை எஞ்சின் முடிந்ததும் அடுத்த ஆசை, நிஜமாகவே ஆவியில் ஓட வேண்டுமாம். இங்கேதான் எனக்குப் பயம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், ஆவியைப் பற்றி நமக்குத் தெரியாததா தோழிகளே? குக்கர் வெயிட் தாங்குவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். உள்ளே சூடு 120 டிகிரி. வெயிட்டில் பருப்பு அடைத்தால் என்ன ஆகும், சேஃப்டி வால்வ் எதற்கு என்று அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மாடல் பாய்லரும் அதே கதைதான். சாதாரண ஈயப் பற்று 200 டிகிரிக்குள் உருகிவிடும். தண்ணீர் வற்றிய பாத்திரம் அடுப்பில் எப்படிக் காயும் என்று பார்த்திருக்கிறோமே! அதனால் செம்புக் குழாய், வெள்ளிப் பற்று, சேஃப்டி வால்வ் மூன்றும் கட்டாயம். பற்றவைத்ததும் நெருப்புக் காட்டாமல், உள்ளே தண்ணீரை நிரப்பி, ஓடும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு கொடுத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் என்றால் ஒழுகும், அவ்வளவுதான். ஆவி என்றால் வெடிக்கும். அதுவரை சைக்கிள் பம்ப் காற்றில் சிலிண்டரை ஓட்டிப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

சிலிண்டர் கடைய லேத் பட்டறைக்குப் போனால், "வீட்ல தம்பி யாராச்சும் இருந்தா அனுப்புங்கம்மா" என்கிறார் பட்டறைக்காரர். சுருக்கென்றது. துப்பட்டாவை இழுத்துச் செருகு, பின்னலைக் கொண்டையாக முடி, சுழலுகிற இடத்தில் வளையல் கூடாது என்று சொன்னால் போதாதா? அதற்காக வாசலோடு அனுப்புவதா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறோம். இந்த முறை கேட்டுவிட்டுத் திரும்பி வருவதாக இல்லை. ஸ்டூல் போட்டு நானும் கூடவே உட்காரப் போகிறேன்.

— ஒரு வாசகி, கீரனூர், புதுக்கோட்டை மாவட்டம்.