எச்சில் யாருடையது?

ஒரே ஒரு கடலை மிட்டாயை இரண்டு பிள்ளைகள் பங்கு போடும் வித்தை பலருக்கும் நினைவிருக்கும். சட்டை நுனியை மிட்டாய்மேல் போர்த்தி, துணியோடு சேர்த்துக் கடித்து உடைப்பார்கள். காக்காய்க் கடி. பல் பட்டது துணியில்தான், மிட்டாயில் எச்சில் இல்லை என்பது கணக்கு. பந்தியில் உட்காரும் வயது வருமுன்பே பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் பாடம் அது.

தமிழர் சாப்பாட்டு முறைகளில் பெரும்பாலானவை எச்சில் என்ற இந்த ஒரு சொல்லைச் சுற்றியே எழுந்தவை. பரிமாறுகிறவரின் கரண்டி இலையில் படக்கூடாது. சாப்பிடும் கையால் பொதுப் பாத்திரத்தைத் தொடக்கூடாது, வேண்டியதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். தண்ணீரை அண்ணாந்து குடிக்க வேண்டும். உண்ட இலை எடுத்துப் போடப்படும், மாட்டுக்கும் போகும். இலையின் நுனி இடப்பக்கம் வருமாறு போடுவது மட்டும் வேறு கணக்கு: வலது கையால் பிசைகிறவருக்கு அகன்ற பக்கம் கைக்கு நேராக இருக்க வேண்டும்.

எச்சில் விதிகளில் அனுபவ அறிவு இருப்பதை மறுக்க முடியாது. அமெரிக்காவில் ரயில்களிலும் பள்ளிகளிலும் ஒரே குவளையில் எல்லோரும் வாய்வைத்துக் குடிப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அதனால் காசநோய் பரவுகிறது என்று சாமுவேல் கிரம்பைன் என்ற மருத்துவர் போராடி, 1909இல் கான்சாஸ் மாநிலத்தில் பொதுக் குவளைக்குத் தடை கொண்டுவந்தார். காகிதக் குவளை பரவியதும் அதையொட்டித்தான். அண்ணாந்து குடிக்கத் தெரிந்த கைகளுக்கு அந்தச் சிக்கல் வந்திருக்காது.

ஆனால் எல்லாம் சுத்தத்துக்காகத்தான் என்று பெருமை பேசி முடித்துவிடுவது சரியல்ல. எச்சிலைக் கண்டு அவ்வளவு அஞ்சிய அதே வீடுகளில், கணவன் உண்டு எழுந்த இலையிலேயே மனைவி உட்கார்ந்து உண்பதும் வழக்கமாக இருந்தது. பாட்டிமார் பலர் அப்படி உண்டவர்கள்தான். அங்கே எச்சில் அழுக்கல்ல, பிரசாதம்! மனைவி உண்ட இலையில் கணவன் உட்காரும் வழக்கம் மட்டும் ஏற்படவில்லை. நோய்க்கு அஞ்சி வந்த விதியென்றால் இப்படி ஆளுக்கேற்ப மாறியிருக்குமா?

சாதி விஷயத்திலும் இதே கதைதான். சேரன்மாதேவியில் விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் தேசியக் கல்விக்காகத் தொடங்கப்பட்டது. காங்கிரஸ் பணமும் அதற்குப் போனது. அங்கே பிராமண மாணவர் சிலருக்குத் தனிப்பந்தி போடப்பட்டது வெளியே தெரிந்ததும் தமிழ்நாடே கொதித்தது. அப்போது காங்கிரஸில் இருந்த பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள். 1925இல் பெரியார் காங்கிரஸைவிட்டு வெளியேறியதற்கு, வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டதோடு இந்தப் பந்தித் தகராறும் ஒரு காரணம். ஒவ்வொருவருக்கும் தனி இலை இருக்கும் பந்தியில் ஒருவர் எச்சில் இன்னொருவருக்குப் போகப்போவதில்லை. அப்படியிருக்க, பையன்களை ஏன் பிரித்து உட்காரவைக்க வேண்டும்? அந்தக் கேள்விக்குச் சுகாதாரத்தில் பதில் இல்லை.

தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையும் இதே வகைதான். தலித்துகளுக்கு வேறு குவளை, அதை அவர்களே கழுவிவைக்க வேண்டும். மற்றவர்கள் குடித்த குவளைகளெல்லாம் ஒரே வாளித் தண்ணீரில் முங்கி எழும். அந்த எச்சில் யாருக்கும் உறுத்தவில்லை. இதைச் சட்டம் குற்றம் என்கிறது, ஆனாலும் முழுதாக ஒழிந்தபாடில்லை.

இதற்கு மாறாக, 1867இலேயே வடலூரில் வள்ளலார் தருமச்சாலை திறந்து, சாதி கேட்காமல் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். முறையாகப் பரிமாறுவதற்கு மனிதரைப் பிரிக்கத் தேவையில்லை என்பது இந்த மண்ணில் புதிய செய்தியல்ல.

எனவே பழைய முறைகளை மொத்தமாகத் தூக்கி எறியவும் வேண்டாம், மொத்தமாகத் தலையில் வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். பிள்ளைக்கு அண்ணாந்து குடிக்கச் சொல்லித் தரும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லலாம்: உனக்குச் சளி இருக்கிறது, இதே சொம்பில் அடுத்தவரும் குடிக்க வேண்டும். 'அவங்க வீட்டுல தண்ணி குடிக்காதே' என்று சொல்லும் பெரியவரிடமும் அந்தப் பிள்ளை ஏன் என்று கேட்கும்.