ஹாப்ஸுக்கு லைசென்ஸ், பாளைக்குக் கேஸ்

கள் பேச்சை எடுத்தாலே ஒரு பதில் தயாராக இருக்கும். "கள்ளுல கலப்படம் பண்ணுவாங்க சார், அதான் தடை." வாழப்பாடி டீக்கடை பெஞ்சிலிருந்து டிவி விவாதம் வரைக்கும் இதே பதில்தான். கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஆனால் டாஸ்மாக்கில் பீர் சட்டப்படி விற்கிறது. அதுவும் நொதித்த சரக்குதான், இதுவும் நொதித்த சரக்குதான். பீருக்கு மட்டும் இந்த நல்ல பெயர் எப்படி வந்தது?

ஒரு கொடியின் பூ வாங்கிக் கொடுத்தது. அதன் பெயர் ஹாப்ஸ்.

பாக்கு வேகவைக்கிற அண்டாவைப் பார்த்த வாழப்பாடிக்காரருக்கு ஹாப்ஸ் சமாச்சாரம் சுலபமாகப் புரியும். கொதிக்கக் கொதிக்கப் பாக்கின் துவர்ப்பு தண்ணீரில் இறங்குகிறது அல்லவா? அதே வேலைதான். முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த இனிப்புச் சாற்றை ஒரு மணி நேரம் போலக் கொதிக்க விடுகிறார்கள். ஆரம்பத்திலேயே ஹாப்ஸ் போட்டால் கசப்பு நன்றாக இறங்கும், ஆனால் வாசனை ஆவியாகிப் போய்விடும். வாசனை வேண்டுமென்றால் இறக்குகிற சமயத்தில் இன்னொரு பிடி (ரசத்துக்குக் கொத்தமல்லி போடுகிற மாதிரி). அதுவும் போதாதென்றால் நொதித்து முடிந்த பீரில் கொதிக்க வைக்காமலே ஊறப் போடுவது. இதற்கு டிரை ஹாப்பிங் என்று பெயர். பெரிய ஆலைகளில் இப்போது பூவாகப் போடுவதே குறைவு. அரைத்து அழுத்திய குளிகை, இல்லாவிட்டால் பிழிந்தெடுத்த சாறு.

கசப்பும் வாசனையும் நாக்குக்கு. ஹாப்ஸின் முக்கியமான வேலை வேறு. பீரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களை அது அடக்கி வைக்கிறது, ஆனால் ஈஸ்ட்டைத் தன் வேலையைச் செய்ய விட்டுவிடுகிறது. அதனால் பீர் சீக்கிரம் கெடுவதில்லை. பீப்பாயில் அடைக்கலாம், கப்பலில் ஏற்றலாம். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலாந்திலிருந்து மாதக்கணக்கில் கடலில் மிதந்து இந்தியா வந்த பேல் ஏல் பீரில் ஹாப்ஸைத் தூக்கலாகப் போட்டதற்குக் காரணம் இதுதான்.

கள்ளுக்கு இந்தக் காவல் இல்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் நொதிக்காமல் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் கள். காலையில் இறக்கியது சாயங்காலத்துக்குள் கடுத்துப் புளித்துவிடும், அப்படியே விட்டால் காடிதான்.

இங்கேதான் கணக்கு ஆரம்பிக்கிறது. கெடாத சரக்கை ஒரே இடத்தில் மொத்தமாகக் காய்ச்சலாம். மொத்தமாகக் காய்ச்சுகிற இடத்துக்கு ஒரு கேட் உண்டு, அந்தக் கேட்டில் ஒரு வரி அதிகாரியை உட்கார வைக்கலாம். கள்ளோ ஆயிரம் மரத்தில், ஆயிரம் கலயத்தில், அன்றன்றைக்கே இறங்கி அன்றன்றைக்கே தீர்கிற சரக்கு. அதற்குக் கேட் எங்கே வைப்பது? ஹாப்ஸ் பீருக்குக் கசப்பை மட்டும் கொடுக்கவில்லை, லைசென்ஸையும் சேர்த்தே கொடுத்தது.

சரித்திரமும் இதைத்தான் சொல்கிறது. 1516-ல் பவேரியாவில் பீருக்குப் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டும்தான் என்று உத்தரவு போட்டார்கள். அதே உத்தரவில் பீரின் விலையையும் நிர்ணயித்தார்கள். 1711-ல் பிரிட்டன் ஹாப்ஸுக்கே வரி போட்டது. வரி ஏய்க்க வேறு கசப்பைச் சேர்த்துவிடக் கூடாதே, அதனால் அதற்கும் தடை. அந்த வரி 1862 வரைக்கும் இருந்தது.

சரி, கலப்படத்துக்கு வருவோம். பீரில் கலப்படமே நடக்கவில்லையா? நடந்தது, அதுவும் தென்னிந்தியக் காட்டுச் சரக்கை வைத்தே நடந்தது! காக்காய்க்கொல்லி விதை தெரியும்தானே, குளத்தில் போட்டால் மீன் மயங்கி மிதக்குமே, அதேதான். லண்டன் பீர்க்காரர்கள் மால்ட்டைக் குறைத்துவிட்டுப் போதை ஏற்ற இந்த விஷ விதையைச் சேர்த்தார்கள். 1820-ல் ஃபிரெடரிக் அக்கும் என்ற வேதியியலாளர் உணவுக் கலப்படம் பற்றிய தன் புத்தகத்தில் இதையெல்லாம் போட்டு உடைத்தார். அதற்கு முன்பே, 1816-ல், மால்ட்டுக்கும் ஹாப்ஸுக்கும் பதிலாக வேறெதையும் ஆலையில் வைத்திருப்பதே குற்றம் என்று சட்டம் வந்துவிட்டது. கவனியுங்கள். விஷம் கலந்தார்கள் என்பதற்காக லண்டனில் யாரும் பீரைத் தடை செய்யவில்லை. விஷத்தைத் தடை செய்தார்கள்.

இங்கே நடந்தது தலைகீழ். இந்தக் கதை தொடங்கியதே சேலம் மாவட்டத்தில்தான். ராஜாஜி அரசு மதுவிலக்கை 1937 அக்டோபர் 1-ல் முதன்முதலாகக் கொண்டுவந்த மாவட்டம் இது. வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. அதுவாவது நேர்மை. குடியும் வேண்டாம், குடிக் காசும் வேண்டாம், வேறு வழியில் வசூலிப்போம் என்றார்கள். இன்றைக்கு அந்த 1937 சட்டம் அப்படியே இருக்கிறது, நேர்மைதான் போய்விட்டது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. 1983-ல் தொடங்கிய டாஸ்மாக்கோ 2003-ல் சில்லறைக் கடைகளையும் எடுத்துக்கொண்டது. 2023-24-ல் அதன் மூலம் வந்த வருமானம் ரூ.45,000 கோடிக்கு மேல். இதன் பெயர் மதுவிலக்கா, மொத்தக் குத்தகையா?

தடை போட்டால் கலப்படம் ஒழியும் என்ற வாதம் 2024 ஜூனில் செத்துவிட்டது. கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம், கள்ளக்குறிச்சியில், மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றது. கள்ளுக்கடை இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொன்னால் அது பித்தலாட்டம். ஆனால் சாராயத்துக்கும் தடைதானே இருந்தது? அந்தத் தடை யாரைக் காப்பாற்றியது?

கெட்டுப்போகிற சரக்கைக் கண்காணிக்க முடியாது என்பார்கள். கேரளாவில் 1996-ல் சாராயத்தை ஒழித்தார்கள், கள்ளை வைத்துக்கொண்டார்கள். அங்கே கள்ளுத் தொழிலாளிக்கு 1969-லேயே நலநிதிச் சட்டம் வந்துவிட்டது. இலங்கையில் கள்ளைப் பாட்டிலில் அடைத்தே விற்கிறார்கள். ஹாப்ஸ் இல்லாவிட்டால் என்ன, சூடுபடுத்திப் பதப்படுத்துகிற முறை இருக்கிறது. மனசு இருந்தால் கேட்டும் வைக்கலாம், அதிகாரியும் வைக்கலாம்.

குடியை வளர்க்கிற பேச்சு இது என்று சிலர் கோபப்படுவார்கள். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. கள்ளை அமுதம் என்று தூக்கிப் பிடிப்பவர்களும் இதைக் காதில் வாங்க வேண்டும். ஆனால் அந்த விதி 8 சதவீத ஸ்ட்ராங் பீருக்கும் பொருந்தும், பிராந்திக்கும் பொருந்தும். உடம்புக்குக் கெடுதல் என்றால் எல்லாவற்றையும் மூடுங்கள். சேலம் ஒருமுறை செய்து காட்டியதுதானே? மூட மனமில்லை என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே தராசு வையுங்கள்.

தமிழ்நாட்டில் ஹாப்ஸ் விளைவதில்லை. இந்தியாவிலேயே இமாச்சலத்தின் லாஹௌல் போன்ற குளிர்ப் பிரதேசத்தில்தான் கொஞ்சம் விளைகிறது. வாழப்பாடி விவசாயியின் வயலில் நிற்பது தென்னை. 2017-ல் அரசு அறிவித்த நீரா திட்டப்படி லைசென்ஸ் வாங்கி அதில் பாளை சீவலாம், ஆனால் நொதித்தால் குற்றம். எங்கோ குளிரில் பூத்த கொடிக்கு ஏசி கடையில் இடம் உண்டு. சொந்த மரத்தில் ஊறிய சாறு வெயில் பட்டு நுரைத்தால் போலீஸ் வரும். கலப்படத்தைக் காரணம் காட்டுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லட்டும்.