ஒரே ஓர் ஓட்டு

"நம்ம ஒரு ஓட்டாலே என்ன ஆயிடப் போவுது?" சந்தா வாங்க மட்டாஞ்சேரிச் சந்துகளில் வீடு வீடாக ஏறி இறங்கும்போதெல்லாம் நம் காதில் விழும் கேள்வி இது. கேட்பவர் மீது நமக்குக் கோபமில்லை. மூட்டை தூக்கியும் துணி வெளுத்தும் பிழைப்பவருக்கு ஒரு நாள் கூலி போனால் ஒரு நாள் அடுப்பு அணையும். ஆயினும் அந்தக் கேள்விக்கு இந்தியப் பாராளுமன்றமே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. அதை இங்கே நினைவூட்டுகிறோம்.

நாள் 1999 ஏப்ரல் 17. வாஜ்பாய் மந்திரிசபை மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஓர் ஓட்டில் டில்லி சர்க்கார் கவிழ்ந்தது.

1998 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. 182 இடம் பெற்ற பாரதிய ஜனதா கட்சி, பல கட்சிகளைக் கூட்டிக்கொண்டு 13 மாதம் ஆண்டது. அதில் 18 எம்.பி.க்களை வைத்திருந்த அண்ணா தி.மு.க., ஏப்ரல் 14 அன்று ஆதரவை வாபஸ் வாங்கியது. சென்னையில் நடந்த தி.மு.க. ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்பது அக்கட்சி நெடுநாள் வற்புறுத்திய கோரிக்கை. வாக்கெடுப்பு நாளன்று நடந்த விந்தையைப் பாருங்கள். எதிர்வரிசையில் இருந்த தி.மு.க., மந்திரிசபையைக் காப்பாற்ற ஓட்டளித்தது! ஒரிசா முதலமைச்சராகி இரண்டு மாதம் ஆகியும் எம்.பி. பதவியை விடாத கிரிதர் கமாங் எதிர்த்து ஓட்டளித்தார். காஷ்மீரத்தின் சைபுதீன் சோஸ் தம் கட்சிக் கட்டளையை மீறி எதிர்த்தார். இவர்களில் ஒருவர் மாற்றி ஓட்டளித்திருந்தாலும் மந்திரிசபை பிழைத்திருக்கும்.

கவிழ்த்தவர்களாவது வேறு ஆட்சி அமைத்தார்களா? அதுவும் இல்லை. 272 பேர் தம் பக்கம் என்று சோனியா காந்தி ஜனாதிபதி கே.ஆர். நாராயணனைக் கண்டு சொன்னார். முலாயம் சிங் யாதவின் சமாஜ்வாதி கட்சி கை கொடுக்க மறுத்தது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை என்றாகி, ஏப்ரல் 26 அன்று லோக்சபா கலைக்கப்பட்டது. அந்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. நம் வரிப்பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்க ஆளில்லை! அக்டோபர் வரை காபந்து சர்க்கார். இடையிலே கார்கில் போர். மறுதேர்தல் முடிந்து எண்ணிப் பார்த்தால் பாரதிய ஜனதாவுக்கு மீண்டும் அதே 182 இடம். இம்முறை தி.மு.க. அவர்களோடு, அண்ணா தி.மு.க. காங்கிரசோடு. 1996, 1998, 1999 என நான்கு ஆண்டுக்குள் மூன்று பொதுத்தேர்தல். செலவு யார் தலையில் விழுந்தது என்று சொல்ல வேண்டுமா?

இந்தக் கூத்தைக் கேரளம் முன்பே கண்டது. 1965 மார்ச் தேர்தலில் 133 இடங்களில் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 40, காங்கிரசுக்கு 36. சிறையில் இருந்தபடியே வென்றவர்கள் பலர். யாராலும் மந்திரிசபை அமைக்க முடியவில்லை. சட்டசபை ஒரு நாள்கூடக் கூடாமலே கலைக்கப்பட்டது. 1967 வரை ஜனாதிபதி ஆட்சி. வரிசையில் நின்று மக்கள் போட்ட ஓட்டெல்லாம் காற்றோடு போயிற்று.

ஆகவே ஒரே கட்சி ஆண்டால்தான் நாடு உருப்படும் என்பார் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. கூட்டணி ஆட்சி குற்றமன்று. கேரளம் பல பத்தாண்டுகளாகக் கூட்டணியில்தான் நடக்கிறது. கிராமத்து ஏழைக்கு நூறு நாள் வேலை தந்த 2005 சட்டமும், இடதுசாரிகள் வெளியிலிருந்து தாங்கிய ஒரு கூட்டணி ஆட்சியில் வந்ததுதான். திட்டத்துக்காகச் சேர்வது வேறு, நாற்காலிக்காகப் பேரம் பேசுவது வேறு. பேரம் பேசுகிறவன் ஓட்டுப் போட்டவனுக்குக் கணக்குச் சொல்வதில்லை. கணக்குக் கேட்க நாம் எங்கே இருக்கிறோம் என்பதுதான் இப்போது கேள்வி.

நம் மட்டாஞ்சேரித் துறைமுகத்தின் பழைய கதை பெரியவர்களுக்குத் தெரியும். வேலை வேண்டி நிற்கும் கூட்டத்தின் நடுவே "சாப்பா" என்ற உலோக வில்லைகளை வீசுவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை, மற்றவனுக்குப் பட்டினி. அந்த முறையை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று தொழிலாளர் உயிர் கொடுத்தனர். பொறுக்கி எடுக்கும் பிழைப்பு வேண்டாம், உரிமையாய்க் கொடு என்பதே அவர்கள் கேட்டது. ஓட்டும் அப்படி உரிமையாய் வந்த வில்லை. அதை நாமே தரையில் போட்டுவிட்டுப் போகலாமா?

நம் குடும்பங்களின் நிலை என்ன? தகப்பன் பெயர் தென்காசிப் பக்கம் ஒரு பட்டியலில். மனைவி பெயர் எங்கும் இல்லை. இங்கேயே பிறந்து பதினெட்டு முடிந்த பிள்ளை விண்ணப்பமே போடவில்லை. 2024 பொதுத்தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, கேரளத்தில் ஏப்ரல் 26 வாக்குப்பதிவு. ஊருக்கு ரயிலேற முடியாதவருக்கு அங்கும் ஓட்டில்லை, இங்கும் ஓட்டில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். டில்லியில் 1999இல் கண்ட அதே முட்டுக்கட்டை நம் வீட்டிலும் இருக்கிறது!

2016 சட்டசபைத் தேர்தலில் நம் கொச்சித் தொகுதியின் முடிவைத் தீர்மானித்த வித்தியாசம் வெறும் 1,086 ஓட்டு. இந்த எண்ணிக்கை நம் தெருக்களுக்குள் அடங்கும். அன்று நாம் பட்டியலில் நின்றிருந்தால் எந்தக் கட்சிக்காரரும் நம் வாசலைத் தாண்டிப் போயிருக்க முடியுமா?

வெளியூரில் இருந்தபடியே சொந்தத் தொகுதிக்கு ஓட்டளிக்கும் இயந்திரத்தைத் தேர்தல் கமிஷன் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முன்வந்தது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள் வரை அடங்கும் என்றார்கள். பல கட்சிகள் ஆட்சேபித்தன. அது வழக்கத்துக்கு வரவில்லை. அது வரட்டும் என்று காத்திருந்தால் நம் ஆயுள் போய்விடும்.

சட்டம் சொல்வது எளிது. ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம். சாதாரணமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கே. ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டும் போதாது. சிறிது காலம் வெளியே போய் வருவதாலும் உரிமை போகாது. ஊர்ப் பட்டியலிலிருந்து பெயரை மாற்றினால் ஊர் வீடும் நிலமும் போய்விடும் என்ற பயம் வீண். சொத்து வேறு, வாக்காளர் பட்டியல் வேறு. ஆனால் இரண்டிடத்தில் பெயர் வைத்துப் பொய் உறுதி கொடுத்தால் தண்டனை உண்டு. 2025 நவம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரே வேளையில் தொடங்கிய தீவிரத் திருத்தம், இரண்டு கரையிலும் நிற்க இடமில்லை என்பதை நமக்கு உணர்த்திவிட்டது.

தோழர்களே, தாய்மார்களே! எந்த ஊரில் பதிவது என்று சங்கம் கட்டளையிடாது. ஆண்டில் பெரும்பகுதி ஊரில் இருப்பவர் ஊரிலேயே வைத்துக்கொள்ளட்டும். இங்கே வாடகை கட்டி, இங்கே பிள்ளைகளைப் படிக்க வைத்து, இங்கே சாகப் போகிறவர் இங்கே பதியட்டும். புதிதாய்ச் சேர 6ஆம் படிவம், இடம் மாற 8ஆம் படிவம். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது நம் சங்கத்தின் கடமை. வாக்குப்பதிவு நாளன்று கூலி பிடிக்காமல் விடுப்புத் தர வேண்டும் என்று சட்டம் இருப்பதையும் முதலாளிக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

269க்கும் 270க்கும் இடையே ஓர் ஆள்தான் நின்றான். அடுத்த முறை அந்த ஆளை அனுப்புகிறவர்கள் நாமாக இருக்க வேண்டும். அனுப்பிய பின் கணக்குக் கேட்பவர்களும் நாமாக இருக்க வேண்டும்.