நம்ம பெட்டி யாரிடம் அனுமதி கேட்கணும்?

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்வது இன்று பெரிய சங்கதி இல்லை. ஒரு மைக், அதில் வரும் ஒலியை எண்களாக மாற்றித் தருகிற கையளவுப் பெட்டி, காதில் மாட்ட ஒரு ஹெட்போன், ஒரு லேப்டாப். அந்தப் பெட்டியைத்தான் ஆடியோ இன்டர்பேஸ் என்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து காசு போட்டால் முடிகிற காரியம். ஸ்டுடியோவில் மணிக்கணக்குப் பார்த்துக்கொண்டு பாட வேண்டியதில்லை. பறையைப் பார்த்ததும் முகம் சுளிக்கிற ஆளிடம் போய் நிற்க வேண்டியதில்லை. இதுவரைக்கும் சரி. லேப்டாப் செத்துப்போய்ப் புதுசு வாங்கும்போதுதான் விசயம் தெரிகிறது: பெட்டி நம்முடையது, அது பேசுவதற்கான அனுமதி நம்முடையதாக இல்லை.

துளை மாறிவிட்டதுதான் பிரச்சினை என்று பல தோழர்கள் நினைக்கிறார்கள். பழைய பெட்டியின் வயர் முனை தட்டையாக இருக்கிறது, புது லேப்டாப்பில் சின்னதாக ஒரு சி வகைத் துளைதான் இருக்கிறது, என்ன செய்ய என்கிறார்கள். இது ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டும் யூ.எஸ்.பி.தான், உள்ளே ஓடுகிற மொழி ஒன்றுதான். கடைத்தெருவில் விற்கிற சின்ன மாற்றி ஒன்று போதும். பெட்டிக்கு மின்சாரம் பத்தாமல் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால், தனியாகக் கரண்ட் எடுத்துக்கொள்கிற ஹப் வைக்கணும். அவ்வளவுதான்.

உண்மையான சிக்கல் டிரைவர். பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் நிற்கிற துபாஷி என்று அதைச் சொல்லலாம். துபாஷியை எழுதுவது பெட்டி செய்த கம்பெனி. விண்டோசோ மேக்கோ புதுசாக மாறும்போதெல்லாம் துபாஷியையும் திருத்தி எழுதணும். சில வருசம் எழுதுவார்கள். பிறகு புதுப் பெட்டி விற்க வேண்டியிருக்கும், பழசை நிறுத்திவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கலைக்குழுவிடம் எட்டு மைக் சொருகுகிற பெட்டி இருக்கிறது. உடம்பில் ஒரு கீறல் இல்லை, எல்லாத் திருகும் வேலை செய்கிறது. கம்பெனிக்காரர்கள் தங்கள் பக்கத்தில் ஒரே வரி போட்டுவிட்டார்கள், இந்தச் சரக்குக்கு இனி ஆதரவு கிடையாது என்று. அந்த ஒரு வரியில் எட்டுத் துளையும் ஊமையாகிவிட்டன. பழுதாகிச் சாவது ஒன்று, பழுதில்லாமலே சாகடிக்கப்படுவது இன்னொன்று. இரண்டாவதற்கு வியாபார மொழியில் முன்னேற்றம் என்று பெயர்.

ஃபயர்வயர் கதையைப் பாருங்கள். 2000-களில் நல்ல பதிவுப் பெட்டி என்றாலே பெரும்பாலும் அந்த இணைப்புதான். 2012-க்குப் பிறகு ஆப்பிள் கொண்டுவந்த புது லேப்டாப்புகளில் அந்தத் துளை இல்லை. மாற்றிக்கு மேல் மாற்றி சொருகி, ரயில்பெட்டி மாதிரி கோத்து, இன்னும் கொஞ்ச காலம் ஓட்டினார்கள். 2025-இல் வந்த மேக் ஓ.எஸ். 26-இல் ஃபயர்வயருக்கான ஆதரவையே எடுத்துவிட்டார்கள். ஃபயர்வயரை யூ.எஸ்.பி.யாக மாற்றும் என்று சொல்லி மலிவு விலையில் ஒரு வயர் விற்கிறார்கள். வாங்காதீர்கள். இரண்டு மொழியும் வேறு வேறு, இரண்டு முனையை ஒட்டவைத்தால் ஒலி வந்துவிடாது. அப்படிப்பட்ட பெட்டி கையில் இருந்தால் அந்தத் துளையுள்ள பழைய கணினி ஒன்றைத் தேடிப்பிடித்து லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம். கம்பெனி கைவிட்ட எத்தனையோ பெட்டிகளுக்கு யாரோ முகம் தெரியாத ஆட்கள் சம்பளம் வாங்காமல் அதில் துபாஷி எழுதி வைத்திருக்கிறார்கள்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்புச் சில்லு, அது ஒத்துக்கொள்கிற பிராசசர், இவை இல்லாத லேப்டாப்புகள் நல்ல நிலையில் இருந்தும் தள்ளுபடி. நான் வங்கியில் வேலை பார்க்கிறவன். எங்கள் கணக்கில் கணினியை மூன்று வருசத்தில் தேய்த்து எழுதிவிடுவோம். அது ஏட்டுக் கணக்கு. ஏட்டில் தேய்ந்ததெல்லாம் குப்பைக்குப் போகணும் என்று எந்த ஏடும் சொல்லவில்லை.

ஆனால் எல்லாமே இப்படித்தான் சாகும் என்று கையை விரிக்க வேண்டியதில்லை. மேடையில் பார்க்கிற அந்த உருண்டைத் தலை மைக், ஷூர் எஸ்.எம். 58, 1966-இல் வந்தது. இன்றைக்கும் அதே மூன்று முள் வயரில் எந்தப் பெட்டியிலும் சொருகலாம். மிடி என்கிற இணைப்பு 1983-இல் வந்தது. போட்டி போட்டு விற்ற இரண்டு வேறு கம்பெனிகளின் கீபோர்டுகளை அந்த வருசம் ஒரே வயரில் பேசவைத்துக் காட்டினார்கள். உரிமத் தொகை கேட்காமல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஏற்பாடு அது. நாற்பது வருசத்துக்கு முந்தின கீபோர்டு, ஒரு சின்ன யூ.எஸ்.பி. மிடி வயர் போதும், இன்றைய லேப்டாப்போடு பேசும். கேசட்டும் அப்படித்தான். பிலிப்ஸ் 1963-இல் கொண்டுவந்து, உரிமத் தொகை வாங்காமல் மற்ற கம்பெனிகளும் செய்ய விட்டது. அதனால் எந்தக் கேசட்டையும் எந்த டேப்பிலும் போட முடிந்தது. இன்குலாபின் 'மனுசங்கடா' பாட்டைக் கே.ஏ. குணசேகரன் குரலில் ஊர் ஊராக நம்ம சனங்க கேட்டது டேப்பு ரெக்கார்டரின் காலத்தில்தானே. அந்த டேப்பு, கேசட்டை உள்ளே வாங்கிக்கொண்டு 'உனக்கு ஆதரவு இல்லை' என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஆக, பெட்டி வாங்கப் போகும்போது எத்தனை பிட், எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று கடைக்காரர் அளப்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதல் கேள்வி இது: டிரைவர் போடாமலே இது வேலை செய்யுமா? கிளாஸ் கம்ப்ளையன்ட் என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பொதுமொழி பேசுகிற பெட்டி என்று அர்த்தம். அதற்குத் தனித் துபாஷி தேவையில்லை, லேப்டாப்புக்கே அந்த மொழி தெரியும். மேக்கும் லினக்சும் இந்தப் பொதுமொழியின் இரண்டாம் வடிவத்தை முன்பே கற்றுக்கொண்டன, விண்டோஸ் 2017-இல்தான் கற்றுக்கொண்டது. கம்பெனி நாளைக்கு மூடிவிட்டாலும் அந்தப் பெட்டி பேசும். மாணவத் தோழர்களுக்கு இன்னொன்று. ஸ்னாப்டிராகன் மாதிரி ஆர்ம் வகைச் சில்லு வைத்த விண்டோஸ் லேப்டாப்புகள் சார்ஜ் நிறைய நிற்கும் என்று விற்கிறார்கள். நிற்கும், வாஸ்தவம்தான். ஆனால் பழைய டிரைவர் எதுவும் அதில் ஓடாது, அந்தச் சில்லுக்கென்றே எழுதியிருக்கணும். வசூல் செய்த காசில் வாங்குகிறவர்கள் இதைக் கேட்காமல் வாங்கக்கூடாது.

பெட்டி பேச ஆரம்பித்துவிட்டால் வேலை முடிந்ததா? எது ஒலி, எது இரைச்சல் என்று தீர்மானிக்கிற வேலையையும் லேப்டாப் தானே எடுத்துக்கொண்டிருக்கிறது. பெட்டி இல்லாமல் லேப்டாப்பின் சொந்த மைக்கிலோ பக்கவாட்டுத் துளையிலோ பதிவு செய்து பாருங்கள். பறை முதல் அடியில் கேட்கும், நாலாவது அடியில் தண்ணிக்குள் அடிக்கிற மாதிரி அமுங்கிவிடும். மைக் கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஆபீஸ் கூட்டத்தில் ஒருவர் பேசுவதை மட்டும் வடித்தெடுக்கச் செய்த ஏற்பாடு அது. பேச்சைத் தவிர மற்றதெல்லாம் அதற்கு இரைச்சல். அந்தக் காதுக்குத் தட்டச்சுப் பலகையின் சத்தமும் பறையும் ஒன்றுதான். இதில் சாதி இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. எந்த அறையை மனசில் வைத்துச் செய்தார்கள் என்பது மட்டும் தெரிகிறது. சவுண்டு செட்டிங்சுக்குள் போய், ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ், நாய்ஸ் சப்ரஷன் என்று என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் அணைத்துப்போடுங்க. பறைக்கு மைக்கை ஓர் ஆள் நீளம் தள்ளி வைத்து, பெட்டியின் திருகைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள். சிவப்பு விளக்கு எரியவே கூடாது. அடிக்குச்சி முழு வேகத்தில் விழும்போது பார்க்கணும், ஒத்திகை அடியில் பார்த்து ஏமாறக்கூடாது.

இதையெல்லாம் தீயில் பறையைக் காட்டுவதற்கு முன்னாடியே முடித்துவிடணும். சூடேறி இறுகின தோல் கொஞ்ச நேரம்தான் நிற்கும். விண்டோஸ் அப்டேட் நூறு சதவீதம் தொடுகிறவரைக்கும் அது காத்திருக்காது.

பாடுகிறவருக்குத் தன் குரல் ஹெட்போனில் பிந்திக் கேட்டால் பஃபரைக் குறையுங்கள். வினாடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கிற பதிவில் 1024 என்று வைத்தால் ஒரு வழிக்கே 23 மில்லி வினாடி தாமதம், 128 என்றால் 3-க்கும் கீழே. உம்மென்று ஓர் ஓசை அடியில் ஓடினால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்யுங்கள். நம்ம தெரு வீடுகள் பலவற்றில் மூன்று துளைப் பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் கம்பி இருக்காது.

கடைசியாக, புதுசு வந்த சந்தோசத்தில் பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் போடுகிறவர்களுக்கு. பதிவு மென்பொருளில் 'சேவ்' பண்ணின கோப்புக்குள் பாட்டு இருக்கிறது என்று நம்பாதீர்கள். பெரும்பாலும் அதில் இருப்பது வெறும் வரிசைக் குறிப்பு: எந்தத் துண்டு எந்த நேரத்தில் ஒலிக்கணும், எவ்வளவு சத்தம் என்கிற பட்டியல். குரல் வேறொரு கோப்புறையில் துண்டு துண்டாகக் கிடக்கும். அந்த மென்பொருளின் உரிமம் புது லேப்டாப்பில் ஏறவில்லை என்றால் பட்டியலைப் படிக்க ஆளில்லை. பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு குரலையும் ஒவ்வொரு வாத்தியத்தையும் பாட்டின் முதல் நொடியிலிருந்து கடைசி வரைக்கும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் வேண்டாம். வேவை எதிலும் திறக்கலாம், காசில்லாமல் கிடைக்கிற ஆடாசிட்டி, ஆர்டர் உள்பட.

நண்பர் ஒருவர் தன் அத்தையின் ஒப்பாரியைச் சில வருசத்துக்கு முன் பதிவு செய்தார். அத்தை இப்போது இல்லை. பழைய லேப்டாப் எரிந்துபோய்விட்டது. மென்பொருளைக் கம்பெனி நிறுத்திவிட்டது, உரிமத்தைச் சரிபார்க்கிற இடமும் இல்லை. காப்பி எடுத்து வைத்திருந்த டிஸ்கில் 63 துண்டுகள் கிடைத்தன, எல்லாவற்றுக்கும் ஆடியோ என்று ஒரே பெயர், பின்னால் ஓர் எண், எண்ணுக்கும் பாட்டின் வரிசைக்கும் சம்பந்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் உட்கார்ந்து காதால் கேட்டுக் கேட்டுச் சேர்க்கிறோம். 40 துண்டுக்கு இடம் தெரிந்துவிட்டது. மீதிக்கு, அந்தப் பாட்டைச் சேர்ந்து பாடின பாட்டி ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார். அடுத்த வாரம் போகிறோம், டிரைவர் கேட்காத சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு.