கதிரவன் மறையுமுன்

யூத மக்களின் செபக்கூடங்களில் ஓய்வுநாள் காலைதோறும் பேழை திறக்கப்பட்டு, தோலில் கையால் எழுதப்பெற்ற தோராச் சுருள் வெளியே எடுக்கப்படுகிறது. தோரா என்று அவர்கள் போற்றுவது மோசேயின் ஐந்து நூல்களை. அவற்றை 54 பகுதிகளாகப் பகுத்து, வாரத்திற்கு ஒன்றாகவும், சில வாரங்களில் இரண்டினைச் சேர்த்தும் வாசித்து, ஓராண்டில் நிறைவு செய்கின்றனர். மோசேயின் மரணத்தைக் கூறும் இறுதி வரிகள் வாசிக்கப்பெறும் அதே வழிபாட்டில், உலகப் படைப்பைக் கூறும் முதல் வரிகளும் தொடங்கப்பெறுகின்றன. முடிந்தது என்று சுருளைக் கட்டிவைக்க அவர்களுக்கு ஒரு நாள்கூட இல்லை. சட்டநூலுக்குப் பின் இறைவாக்கினர் நூலிலிருந்தும் வாசிப்பது திருத்தூதர் காலத்திலேயே இருந்த வழக்கம். நாசரேத்தூரில் நம் ஆண்டவர் கையில் எசாயாவின் ஏடு கொடுக்கப்பட்டதும் இத்தகைய வழிபாட்டில்தான்.

செபக்கூடத்தில் கேட்பதோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. அவ்வாரத்துப் பகுதியை எபிரேயத்தில் இருமுறையும், அரமேய மொழிபெயர்ப்பில் ஒருமுறையும் ஒவ்வொருவரும் தாமே வாசித்து முடிக்க வேண்டுமென்று தல்மூது பணிக்கிறது. கடிதம் எழுதுவோர் நாளைக் குறிப்பதற்கு, இன்ன பகுதி வாசிக்கப்பெறும் வாரம் என்று எழுதுவதும் உண்டு. கடைக்குப் போவதும் கடன் கொடுப்பதும் அந்தப் பகுதியின் பெயர் தாங்கிய வாரத்திலேயே நிகழ்கின்றன.

இவ்வழக்கத்திற்கு நம் காலத்தில் பெருந்தொண்டு புரிந்தவர் நெகமா லைபோவிட்ஸ் என்னும் அம்மையார். ரீகா நகரில் 1905-இல் பிறந்து, 1997-இல் எருசலேமில் மறைந்தவர். 1942-இல் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், வாரப் பகுதியைக் குறித்த வினாத்தாள்களை அஞ்சலில் அனுப்பி வந்தார். உழவரும் போர்வீரரும் இல்லத்தரசிகளும் விடை எழுதி அனுப்புவர். அம்மையார் அவற்றைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புவார். பதினோராம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த ராஷி என்னும் உரையாசிரியர் ஓரிடத்தில் உரை எழுதியிருந்தால், மூலத்தில் அவருக்கு இடறலாய் இருந்தது எது என்பதே அம்மையார் ஓயாது கேட்கும் வினா. தம் கல்லறையில் 'ஆசிரியை' என்ற ஒரு சொல்லே போதும் என விரும்பினார். அறிஞர் பலருக்கு வராத அடக்கம் இது.

அவ்விதமே ஒரு பகுதியை எடுத்துக் கேட்டுப் பார்ப்போம். 'கி தேட்சே' என வழங்கும் பகுதி ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் வருவது. இணைச்சட்ட நூலில் 21-ஆம் அதிகாரத்தின் இடையிலிருந்து 25-ஆம் அதிகாரத்தின் இறுதிவரை நீள்வது. மரபுக் கணக்கின்படி 74 கட்டளைகள் இதனுள் அடங்கியுள்ளன. மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்புவது, வழிதவறிய மாட்டை உரியவனிடம் சேர்ப்பது, கூட்டிலிருக்கும் தாய்ப்பறவையைப் போகவிடுவது எனப் பலவும் கலந்து வரும். நம்மை நிறுத்துவது 24-ஆம் அதிகாரத்தில் கடனையும் கூலியையும் பற்றிய சில வரிகள்.

கடன் கொடுத்தவன் ஈட்டுப்பொருளை எடுக்கக் கடன்பட்டவனின் வீட்டினுள் நுழையலாகாது. வெளியே நிற்க வேண்டும். கடன்பட்டவனே பொருளை வெளியே கொண்டுவந்து கொடுப்பான். எதற்காக இந்த வெளியே நிற்றல்? பொருள் எப்படியும் கைக்கு வரத்தானே போகிறது? உள்ளே நுழைந்தவன் கண் எங்கெங்கே போகும் என்பதை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒழுகும் கூரையும், பிள்ளைகளின் கந்தலும், காலியான அடுக்குப் பானையும் அவன் கண்ணில் படும். ஏழையிடம் எஞ்சியிருக்கும் ஒரே உடைமை, தன் வறுமையைத் தன் கதவுக்குள் வைத்துக்கொள்ளும் உரிமைதான். கடன் அதனையும் வாங்கிவிட்டதாகாது.

மாவரைக்கும் திரிகையை ஈடாக வாங்குவதற்குத் தடை இருக்கிறது. ஏழையின் மேலாடையை வாங்கினால் கதிரவன் மறையுமுன் திருப்பித் தந்துவிட வேண்டும். இரவில் அவன் போர்த்திக்கொள்ள வேறொன்றும் இல்லை. மிஷ்னா நூலின் ஆசிரியர்கள் இதனை விரித்து, தலையணையை இரவிலும் கலப்பையைப் பகலிலும் திருப்பித் தரச் சொல்கின்றனர். காலையில் வாங்கி மாலையில் கொடுத்து, மறுநாள் மீண்டும் வாங்குவது என்ன ஈடு என்று வட்டிக் கணக்கறிந்தவர் நகைக்கக்கூடும். ஆனால் நாள்தோறும் மாலையில் அந்த வாசலுக்கு நடந்தாக வேண்டியவன் கடன் கொடுத்தவன் அல்லவா? கடனாளி எவ்வாறு உறங்குகிறான் என்பதை அவன் மறக்கவே இயலாது.

இவையெல்லாம் ஏட்டளவில் நின்ற இலட்சியம் என்று எண்ண வேண்டா. இசுரயேல் கடற்கரையில், யாவ்னே-யாம் அருகே பழங்கோட்டை ஒன்றில், எபிரேய எழுத்துப் பொறித்த பானை ஓடு ஒன்று 1960-இல் கிடைத்தது. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அது, அறுவடைக்கூலி ஒருவன் தன் தலைவனுக்கு விடுத்த முறையீடு. அன்றாடம் போல் அறுத்து முடித்துக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டேன். அப்படியிருந்தும் சோபாயின் மகன் ஓசாயாகு வந்து என் ஆடையைப் பறித்துக்கொண்டான். வெயிலில் என்னுடன் அறுத்த சகோதரர் சான்று சொல்வர். நான் குற்றமற்றவன், ஆடையைத் திருப்பித் தரச் செய்யும் என்பது அதன் கருத்து. இறைவாக்கினர் ஆமோஸ், ஈடாக வாங்கிய ஆடைகளை விரித்துப் பீடங்களருகே படுத்திருந்தோரைச் சாடியதும் நினைவுக்கு வருகிறது. சட்டம் இருந்தது, அதை மீறுவோரும் இருந்தனர். ஆண்டுதோறும் அதே வரிகளை வாசித்துக் காட்ட வேண்டிய தேவையும் அதனால்தானே!

அடுத்து கூலி. லேவியர் நூல் கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கலாகாது என்கிறது. இப்பகுதியோ கதிரவன் மறையுமுன் கொடு என்கிறது. முரண் போல் தோன்றும் இதனை ஆசிரியர்கள் இவ்வாறு தீர்த்தனர்: பகலில் உழைத்தவனுக்குக் கெடு விடியும்வரை, இரவில் உழைத்தவனுக்கு மறுநாள் பொழுது சாயும்வரை. எவ்வகையிலும் பாதி நாளுக்கு மேல் கூலி நிற்கலாகாது. அவன் அந்தக் கூலியின்மீதே உயிரை வைத்திருக்கிறான் என்று மூலம் கூறுவதற்குத் தல்மூது தரும் விளக்கம் உள்ளத்தைத் தொடுவது. ஏணியில் ஏறினான், மரத்தில் தொங்கினான், விழுந்தால் சாவு என்றறிந்தும் ஏறினான். அவன் அதைச் செய்தது கூலிக்காக அன்றோ என்று அது கேட்கிறது. திராட்சைத் தோட்ட உவமையில் மாலையானதும் கூலி கொடுக்கச் சொல்கிறார் தோட்டக்காரர். அவரது தாராளத்தையே நாம் பேசுகிறோம். அதைக் கேட்ட யூத மக்களோ, சட்டப்படி அந்நேரமே கூலி தருகிறார் என்பதையும் கண்டிருப்பர்.

பாத்திரம் துலக்கும் அம்மாள் மாதம் பிறந்து நான்கு நாள் கழிந்தும் பின்வாசலில் தயங்கி நிற்கிறார். கேட்க நாக் கூசுகிறது. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்கிறோம். சில்லறை இல்லை என்கிறோம். கையில் இல்லாமையால் தாமதிப்பது வேறு. பெட்டியில் பணம் இருக்க, எழுந்து போய் எடுக்கச் சோம்பித் தாமதிப்பது வேறு. யூத ஆசிரியர்களும் இவ்வேற்றுமையை ஒப்புகின்றனர், பணம் இருந்தும் தராதவனே கட்டளையை மீறியவன் என்பர். அந்த அம்மாளின் கடைக்காரர் அவரிடம் 'நாளைக்கு' என்பதை ஏற்றுக்கொள்வாரா?

தல்மூதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அறிஞர் ஒருவரின் திராட்சை மதுச் சாடியைச் சுமையாட்கள் உடைத்துவிட்டனர். நட்டத்திற்கு ஈடாக அவர்களுடைய மேலாடைகளை அவர் பிடுங்கிக்கொண்டார். அவர்கள் ரவ் என்னும் நடுவரிடம் போய் முறையிட்டனர். ஆடைகளைத் திருப்பிக் கொடும் என்றார் ரவ். 'இதுதான் சட்டமா?' என்று அறிஞர் கேட்க, 'ஆம்' என்று நீதிமொழிகள் நூலிலிருந்து ஒரு வசனத்தின் முற்பாதியைச் சான்று காட்டினார். ஆடையைப் பெற்ற ஆட்கள் நகரவில்லை. 'நாங்கள் ஏழைகள், நாள் முழுதும் உழைத்தோம், பசிக்கிறது, கையில் ஒன்றுமில்லை' என்றனர். அவர்கள் கூலியையும் கொடும் என்றார் ரவ். 'இதுவும் சட்டமா?' என்றார் அறிஞர். 'ஆம்' என்று ரவ் அதே வசனத்தின் பிற்பாதியைச் சொன்னார்.