எழுபது வளைவு, எண்பத்தைந்து குதிரை

கார் வாங்கப் போகிற இளைஞனிடம் ஷோரூம் பையன் முதலில் அவிழ்த்துவிடுவது விலையை அல்ல, குதிரையை. 'இது எண்பத்தஞ்சு பி.எஸ். சார்! எதிர்க் கடை வண்டி வெறும் எழுபத்தஞ்சுதான்' என்பான். அந்தப் பத்து குதிரைக்காக ஐந்து வருஷத் தவணைக்குக் கையெழுத்துப் போட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. மாசா மாசம் ஒன்றாம் தேதி சம்பளத்தில் கால்வாசி போகிற சமாச்சாரம். அந்தக் குதிரைகள் உண்மையில் லாயத்தில் இருக்கின்றனவா என்று ஒரு நடை பார்த்துவிடுவது தேவலை.

பார்க்கத் தோதான இடம் கொல்லிமலை. நாமக்கல்லிலிருந்து போனால் காரவள்ளி அடிவாரம். அதற்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். (வாந்தி எடுத்த இடத்தைப் பிற்பாடு துல்லியமாகச் சொல்ல உதவும்.)

கணக்கில் கொஞ்சம் தாராளமாக இருப்பது இந்த மலைக்குப் புதிதல்ல. இதை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போய் உடும்பில் நின்றதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். சோதனைக்கூடச் சான்றிதழ் கிடையாது. ஆனால் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றுதான் பெயர். ஒரு ராஜா, ஒரு குதிரை, ஒரு குதிரைத் திறன். அதில் தகராறுக்கே இடமில்லை.

கார்க் கம்பெனி சொல்கிற குதிரை என்பது என்ன? 75 கிலோவை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் தூக்கினால் ஒரு பி.எஸ். அதாவது, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஆபீஸ் ஆசாமி ஒருவரை நாற்காலியோடு ஒரு வினாடியில் மேஜை மேல் வைப்பது. பி.ஹெச்.பி. என்பது இதைவிடக் கொஞ்சம் பெரிய குதிரை. 100 பி.எஸ். என்றால் 98.6 பி.ஹெச்.பி.தான். விளம்பரத்தில் ஏன் பி.எஸ். போடுகிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, கொல்லிமலை எத்தனை குதிரை கேட்கிறது? ஆட்களோடு கார் 1200 கிலோ. ஏற வேண்டிய உயரம் சுமாராக 1000 மீட்டர். நாற்பது நிமிஷம், அதாவது 2400 வினாடி. 1200-ஐ 1000-ஆல் பெருக்கி 2400-ஆல் வகுத்தால் 500. அதை 75-ஆல் வகுத்தால் 6.67. சராசரியாக ஏழு குதிரைகூட வேண்டாம்! (பி.காம். படித்தவன் போட்ட கணக்கு என்று சிரிக்க வேண்டாம். எந்த ஃபிஸிக்ஸ் வாத்தியாரிடமும் காட்டிக்கொள்ளலாம்.) டயர் உராய்வு, ஒவ்வொரு வளைவிலும் வேகம் தளர்ந்து மறுபடி எடுப்பது எல்லாம் சேர்த்து மூன்று மடங்கு போடுங்கள். இருபது.

அப்படியானால் 85 குதிரை கார் ஏன் நாற்பத்திச் சொச்சமாவது வளைவில் திணறி, கிளட்ச் பிளேட் கருகும் வாசனையைக் கிளப்பிக்கொண்டு நிற்கிறது? அறுபது சொச்சம் குதிரையே உள்ள பழைய டீசல் ஜீப், பத்துப் பன்னிரண்டு பேரையும் நாலு வாழைத்தாரையும் ஏற்றிக்கொண்டு எப்படி ஹாரன் அடித்துத் தாண்டிப் போகிறது?

கம்பெனிக்காரன் பொய் சொல்கிறானா? சொன்ன காலம் உண்டு. அமெரிக்காவில் 1971 வரை எஞ்சினைத் தனியாகக் கழற்றி வைத்து, ஏர் ஃபில்டர், டைனமோ, சைலன்ஸர் தொல்லைகள் இல்லாமல் அளந்தார்கள். கிராஸ் சம்பளம்! பி.எஃப்., வரி, சொசைட்டி கடன் எல்லாம் பிடித்த பிறகு வருகிற நெட் கணக்குக்கு 1972-ல் மாறினார்கள். காடிலாக் எல்டொராடோவின் 8.2 லிட்டர் எஞ்சின் 1971-ல் 365 குதிரை. மறு வருஷம் அதே எஞ்சின் 235. நூற்று முப்பது குதிரைகள் ஒரே ராத்திரியில் லாயத்தை விட்டு ஓடிவிட்டன.

நெட் வந்த பிறகும் கை அரிப்பு முழுசாகப் போகவில்லை. 1999-ல் ஃபோர்டு தன் மஸ்டாங் கோப்ராவுக்கு 320 என்றது. வாங்கினவர்கள் அளந்து பார்த்துச் சண்டைக்கு வர, விற்பனையை நிறுத்தி, வண்டிகளைத் திரும்ப அழைத்து எஞ்சினைச் சரிசெய்து கொடுத்தது. 2001-ல் மாஸ்டா மியாட்டாவுக்கு 155 என்று சொல்லிவிட்டு 142 என்று திருத்திக்கொண்டது. வேண்டாம் என்றவர்களிடம் காரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது. 2002-ல் ஹூண்டாயும் அமெரிக்காவில் கூட்டிச் சொன்னதை ஒப்புக்கொண்டது. 2005 வாக்கில், சாட்சி ஒருவர் கூடவே நின்று பார்க்கிற சோதனை முறை அங்கே வந்தது. அளவு விதிகளையும் இறுக்கினார்கள். டொயோட்டா காம்ரி வி-6 உடனே 210-லிருந்து 190-க்கு இளைத்தது.

குறைத்துச் சொன்னவர்களும் உண்டு. ஜப்பானியக் கம்பெனிகள் 1989 முதல் 2004 வரை, 280 குதிரைக்கு மேல் யாரும் சொல்வதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டன. நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். அதைவிட அதிகம் இழுத்தது ஊரறிந்த ரகசியம். நமக்கு இது ஆச்சரியமே இல்லை. எச்.பி. கணக்கில் கரண்ட் பில் வாங்கின மாநிலங்களில், ஏழரை எச்.பி. கிணற்று மோட்டார் மேல் அஞ்சு எச்.பி. தகடு அடித்த தேசம் இது.

இன்றைக்கு இங்கே புது மாடல் விற்க வேண்டுமானால், புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற கூடத்தில் எஞ்சினை அளந்து சான்றிதழ் வாங்கியாக வேண்டும். ஆகவே புத்தகத்தில் போட்ட 85 பொய்யில்லை. ஆனால் அது ஓர் அறைக்குள் எடுத்த எண். 25 டிகிரி வெப்பம், கிட்டத்தட்ட கடல் மட்டக் காற்றழுத்தம் என்கிற கணக்குக்குச் சரிக்கட்டினது. கொல்லிமலையில் பிடித்தம் ஆரம்பிக்கிறது. 1000 மீட்டரில் காற்றின் அடர்த்தி பத்து சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். 85 போய் 76. ஏ.ஸி. போட்டால் மூன்று நாலு குதிரை காலி. கியர்பாக்ஸ் முதல் சக்கரம் வரை கமிஷன் சுமார் 15 சதவீதம். சாலைக்கு வந்து சேருவது அறுபது சொச்சம்.

அதுவும் முழுசாகக் கிடைக்காது. கிடைக்க வேண்டுமானால் எஞ்சின் நிமிஷத்துக்கு 6000 சுற்று சுற்ற வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டு, பின் சீட்டில் மாமியார் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யார் 6000 சுற்றுகிறார்கள்? இரண்டாவது கியரில் 2000 இருந்தால் அதிகம்.

செம்மேட்டில் டீக்கடை வாசலில் ஒரு ஜீப் டிரைவரிடம், 'அண்ணே, உங்க வண்டி எத்தனை எச்.பி.?' என்று கேட்டேன். 'அதெல்லாம் தெரியாதுங்க. இழுவை இருக்கோணும். அது இருக்குதுங்க' என்றார்.

இழுவை! இன்ஜினீயர்கள் டார்க் என்று சொல்லி நியூட்டன் மீட்டரில் அளப்பது இதைத்தான். இழுவையைச் சுற்றால் பெருக்கினால் வருவதுதான் குதிரை. மாருதி ஸ்விஃப்ட் பழைய மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1.2 லிட்டர் பெட்ரோல் சுமார் 85 குதிரை, இழுவை 114, அதுவும் 4000 சுற்றில். டீசல் 75 குதிரைதான். இழுவை 190, வெறும் 2000 சுற்றிலேயே. இப்போது இரண்டையும் 2000 சுற்றில் வளைவுக்குக் கொண்டு வாருங்கள். டீசல் கையில் 54 குதிரை. பெட்ரோல் தன் முழு இழுவையையும் அந்தச் சுற்றிலேயே கொடுப்பதாக வைத்துக்கொண்டாலும் (கொடுக்காது) 32. போதாக்குறைக்கு டீசலுக்கு டர்போ உண்டு. மலைக் காற்று மெலிந்தாலும் அமுக்கி ஊட்டிவிடும்.

அதற்காகப் பெட்ரோல்காரர்கள் ஏலகிரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. கூச்சப்படாமல் முதல் கியருக்கு இறங்கி எஞ்சினைக் கொஞ்சம் கத்த விட்டால் ஏறிவிடும். கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டு கௌரவம் பார்க்கிறவர்கள்தான் பிளேட்டுக்குக் காசு கொடுக்கிறார்கள்.

மாருதி 2020-ல் டீசல் எஞ்சினையே நிறுத்திவிட்டது. அந்த இடத்தைச் சின்ன டர்போ பெட்ரோல்கள் பிடிக்கப் பார்க்கின்றன. நல்ல இழுவைதான், டர்போ விழித்துக்கொண்ட பிறகு. அதற்குள் வளைவு வந்துவிட்டால் ஒரு கணம் திக்கென்று இருக்கும். மின்சாரக் கார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கொடுக்கும். காற்று மெலிந்தால் அதற்கென்ன வந்தது?

ஆகவே அடுத்த தடவை ஷோரூம் போனால் குதிரையை விட்டுவிட்டு, 'இழுவை எவ்வளவு, எத்தனை ஆர்.பி.எம்.ல?' என்று கேளுங்கள். புத்தகத்தில் இரண்டாவது வரியில் எறும்பு சைஸில் இருக்கும். நான் கேட்ட இடத்தில் பையன் தலையைச் சொறிந்துவிட்டு மேனேஜரைக் கூட்டி வந்தான். 'நாலு பேரை ஏத்தி, ஏ.ஸி. போட்டு, அந்த மேம்பாலத்துல ரெண்டாவது கியர்ல ஒரு தரம் ஏத்திப் பார்த்துடலாமா சார்?' என்றேன்.

மேனேஜர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. 'டெஸ்ட் டிரைவுக்கு ரெண்டு பேருக்கு மேல அனுமதி இல்லைங்க சார்' என்றார்.