எங்கள் மார்கழிக்குக் கூலி இல்லை

மார்கழி பிறந்தால் போதும், முகநூலில் கிராமம் அழகாகிவிடும். பனி, வாசல் நிறையக் கோலம், சாணிப் பிள்ளையார் மேல் பூசணிப்பூ, கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு. "அந்த வாழ்க்கை திரும்ப வருமா" என்று ஒருவர் எழுத, நூறு பேர் இதயம் போடுவார்கள்.

நாங்களும் கிராமத்துக்காரர்கள்தான். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய காலனி. ஊர்ப் பக்கம் போடுகிற அதே பாட்டு பனியில் மிதந்து எங்கள் தெருவுக்கும் வரும். அந்த நேரத்தில் எங்கள் பெண்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தூக்குச்சட்டியோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிற்பார்கள். புதுச்சேரிப் பக்கம் கட்டட வேலைக்கு ஆள் ஏற்றும் வண்டி ஐந்தரைக்கு வரும். பத்துப் பேருக்குத்தான் இடம். இருபது பேர் நிற்பார்கள். ஏறாதவர்கள் திரும்பி வந்து கோலம் போடுவார்கள். ஆமாம், எங்கள் தெருவிலும் கோலம் உண்டு, எங்களுக்கும் பிடிக்கும். நகரத்து வண்ணக் கோலங்களுக்குப் பொடியோடு கல்லுப்பைக் கலப்பார்கள். அது எந்தக் காலால் மிதிபட்ட பாத்தியில் விளைந்தது என்று யாரும் கேட்பதில்லை.

எங்களில் சிலர் சமூகவியல் முதுகலை படித்தபோது 'இந்தியக் கிராமம்' என்று ஒரு பாடம் இருந்தது. அதில் நெல் இருந்தது, மாடு இருந்தது, கிணறு இருந்தது. உப்பு இல்லை. ஆகவே கொஞ்சம் சொல்லிவிடுகிறோம்.

ஐப்பசி மழை இறங்கியதும் அளம் தண்ணீருக்குள் போய்விடும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் அங்கே வேலை கிடையாது. மழை விட்ட பிறகு தேங்கிய தண்ணீரை இறைத்து, கரை கட்டி, பாத்திச் சேற்றைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். கடல்நீரின் அடர்த்தி 3 டிகிரி அளவில் இருக்கும். வெயிலில் வற்றி 25 டிகிரியைத் தொட்டால்தான் உப்பு பூக்கும். நடுவில் ஒரு மழை பெய்தால் பழையபடி முதலிலிருந்து. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, உப்பளம் எது, கழுவெளி எது என்று தெரியாதபடி ஒரே தண்ணீர்.

இந்த மூன்று மாதத்தை அதிகாரிகள் 'ஓய்வுக்காலம்' என்கிறார்கள். எங்கள் வீடுகளில் இதற்குப் பெயர் முன்பணக் காலம். ஐப்பசியில் கடைக்காரரிடம் கடன் எழுதுவோம். கார்த்திகையில் குழுக்கடனுக்குத் தவணை கட்ட நகை அடகுக்குப் போகும். மார்கழி நடுவில் அடகு வைக்கவும் ஒன்றும் இராது. அப்போதுதான் குத்தகைதாரரின் ஆள் தெருவுக்குள் வருவார். கையில் பணம் கொடுப்பார். கூலி என்ன என்பதும் அன்றைக்கே முடிவாகிவிடும். போன மார்கழியில் சின்னம்மா ஒருவரிடம், "கொஞ்சம் பொறுத்திருந்தா தையில நல்ல கூலி பேசலாமே" என்றோம். "பொங்கலுக்குப் புள்ளைங்க துணி கேக்குதுங்க. நீங்க பேசற வரைக்கும் அதுங்க பொறுக்குமா?" என்றார். பட்டப்படிப்பு படித்த எங்களிடம் பதில் இல்லை. சித்திரை வெயிலில் உப்பு வாரிச் சுமந்து அம்பாரம் கொட்டும்போது கொடுக்கப்படுகிற கூலி, மார்கழிப் பனியில், எங்கள் பசியைப் பார்த்து நிர்ணயிக்கப்பட்டது. முழு வருடத்துக்கான பேரம் இந்த ஒரு மாதத்தில் முடிந்துவிடுகிறது.

கூலிக்கும் மார்கழிக்கும் உள்ள பழைய கணக்கு ஒன்று நம் எல்லோருக்கும் தெரியும். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. 44 பேர். கூலி உயர்வு கேட்ட சேரி. சபாக்களின் மார்கழிக்கு எதிரே 2020 முதல் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' நடத்துவதில் எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. பறை மேடையேற வேண்டும். மேடைக்கு வெளியே முன்பணம் வாங்கிக்கொண்டிருக்கிற கைகளைப் பற்றியும் அதே வேகத்தோடு பேச வேண்டும்.

போகி பற்றியும் ஒரு வார்த்தை. கட்டையன் தெருவில் எங்களுக்கு உறவுகள் உண்டு. 2013 ஏப்ரல் 25 அன்று அங்கே வீடுகள் எரிக்கப்பட்டன. அந்தப் பக்கத்து அத்தை ஒருவர் இன்றும் போகியன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்துவிடுகிறார். விடியற்காலைப் புகை அவருக்குப் பண்டிகை வாசனை இல்லை. கிராமத்தை அம்பேத்கர் ஏன் கொண்டாட மறுத்தார் என்று மாணவர்கள் கேட்டால், அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று அவர் ஆற்றிய உரையைப் படிக்கச் சொல்கிறோம். பிறகு அத்தையின் கதவைக் காட்டுகிறோம்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. போராடாமல் கிடைத்ததில்லை, வரவேற்கிறோம். ஆனால் 92 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 55 ரூபாய்கூட வராது. நூறு நாள் வேலையில் 2024-25க்குக் கூலி 319 ரூபாய். அதுவும் ஒழுங்காக வரவில்லை. தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 1,056 கோடி ரூபாயை விடுவிக்கும்படி 2025 பொங்கல் சமயத்தில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதமே எழுத வேண்டியிருந்தது. நிவாரணம் ஐப்பசியிலேயே கைக்கு வர வேண்டும், முன்பணக்காரருக்கு முன்னால். தொகை குறைந்தபட்சக் கூலியோடு இணைக்கப்பட வேண்டும். அளத்தில் இறங்குகிற ஒவ்வொரு பெண்ணின் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

பக்கத்துக் கழுவெளி 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வலசை வரும் பறவைகளை எண்ணிக் குறித்துவைக்க ஏற்பாடு இருக்கிறது. நல்லது, பூநாரைகள் வரட்டும். எங்கள் பெண்களில் பலர் மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை. கணவர் பெயர் இருக்கும், இவர்கள் 'உதவிக்கு வருபவர்கள்'.

இந்த மார்கழியில் மாலை வகுப்புப் பிள்ளைகளை வைத்து விண்ணப்பம் நிரப்ப ஆரம்பித்திருக்கிறோம். பத்தாவது படிக்கும் பெண் அவள் பாட்டிக்கு எழுதினாள். தொழில் என்ற இடத்தில் பழக்கத்தில் 'கூலி' என்று எழுதிவிட்டாள். பாட்டி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "நாப்பது வருசமா உப்பு வார்றேன். அத எழுதுடி" என்றார்.

அடித்து எழுதினால் வாங்க மாட்டார்களோ என்று பயந்து, அவள் புதுத் தாள் எடுத்தாள்.